எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பல படங்களாக எடுத்து, பிறகு தேவைப்பட்டால் ஒன்றாக இணைக்கும் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்கை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில், கண்ணில் பட்ட காட்சியையெல்லாம் ±1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) இடைவெளியில் மும்மூன்று படங்களாக எடுத்துக் குவித்தேன். பின்னொரு நாள் பழைய கோப்புகளைக் கழித்துக்கட்ட உட்கார்ந்தபோதுதான், பெரும்பாலான வரிசைகளில் நான் கடைசியில் எடுத்தாண்டது ஒரே படத்தை, அதுவும் சற்று இருண்டதை மட்டுமே என்பது தெரிந்தது. ரா கோப்பில் (சென்சார் பதிவுசெய்த, சுருக்கிச் செப்பனிடாத கோப்பு) நிழல் பகுதியை இரண்டு ஸ்டாப் உயர்த்தினாலும் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கிறது. முற்றிலும் வெளுத்துப்போன மேகத்திலோ மீட்பதற்கு ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே, ஹிஸ்டோகிராம் (படத்தில் இருளும் வெளிச்சமும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) ஒரு பக்கம் மட்டும் முட்டினால் எக்ஸ்போஷரைத் திருத்தி ஒரே படம் எடுக்கிறேன். இரு பக்கமும் முட்டி, காட்சியும் அசையாமல் இருந்தால் மட்டுமே பிராக்கெட்டிங்.

அறைக்குள்ளிருந்து ஜன்னலைப் பார்த்து எடுக்கும் படம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 என வைத்து அளந்த ஒரு பிற்பகலில், வெளிப்புறத்துக்கு 1/250 நொடியும் அறையின் மூலைக்கு 1/4 நொடியும் தேவைப்பட்டன. அதாவது 6 ஸ்டாப் வேறுபாடு. 1/30 நொடியை நடுவில் வைத்து ±3 ஸ்டாப் இடைவெளியில் எடுத்த மூன்று படங்களே இரு முனைகளையும் எட்டிவிட்டன. ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடிய கிளைதான் தொல்லை கொடுத்தது. இணைத்த படத்தில் இலைகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்ததால், அந்தப் பகுதிக்கு மட்டும் 1/250 நொடிப் படத்தைக் கையால் ஒட்ட வேண்டியதாயிற்று.

முக்காலி இருந்தால் நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பெர்ச்சர் மாறினால் குவிய ஆழமும் (படத்தில் தெளிவாகத் தெரியும் தூர அளவு) மாறிவிடும் என்பதால், ஷட்டர் வேகம் மட்டுமே மாறும்படி அப்பெர்ச்சர் முன்னுரிமையில் வைத்து, தானியங்கி ஐஎஸ்ஓவையும் தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் அணைத்துவிடுகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு, பிராக்கெட்டிங்கை அணைக்க மறந்ததால் வந்தது. என் கேமராவை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அந்த அமைப்பு நீங்குவதில்லை. உறவினர் வீட்டுக் குழந்தை முதல் அடி எடுத்துவைத்த நொடி +3 ஸ்டாப்பில் பதிவாகி, வெறும் வெள்ளையாகிப் போனது. அதன் பிறகு பிராக்கெட்டிங்கை மோடு டயலில் ஒரு தனி இடத்தில் சேமித்துக்கொண்டேன். டயலைத் திருப்பினால்தான் அது வரும், திருப்பினால் போய்விடும்.