ஏழே முக்கால் லட்சமும் ஒன்றரை லட்சமும்

என் மைத்துனர் புது ஸ்விஃப்ட் கார் எடுத்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தார். பக்கத்தில் நின்ற என் 2012 மாடல் வண்டியை நோய்ப்படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "லிட்டருக்கு 24.8 மாமா. நீங்கள் பெட்ரோலுக்குக் கொட்டும் காசிலேயே தவணையைக் கட்டிவிடலாம்" என்றார். அவர் போன பிறகு பழைய டைரியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் புது வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி, மேல்வரி உட்பட 29 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. விலை இறங்கியது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். ஷோரூம் விலை 6.6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வரும்போது ஏழே முக்கால் லட்சம் ஆகிவிடும். முன்பணம் ஒன்றே முக்கால் லட்சம், மீதி ஆறு லட்சம் கடன். அந்த முன்பணத்துக்கே என்னுடையதைப் போன்ற வண்டி ஒன்று வந்துவிடும், மிச்சத்தில் நான்கு டயரும் மாற்றலாம்.

ஆறு லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,450 ரூபாய். அதில் வட்டி மட்டும் சராசரியாக 2,450. இது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு தேய்மானம். காப்பீட்டுக் கணக்கில் கார் ஐந்தாவது ஆண்டை முடிக்கும்போது பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. 3.3 லட்சத்தை அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,500. ஆக, வண்டியை நிழலில் நிறுத்தி மூடி வைத்தாலும் மாதம் எட்டாயிரம் போகிறது.

இப்போது என் வண்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். இன்று ஒரு லட்சத்துக்குக் கேட்கிறார்கள். தேய்மானம் மாதம் 1,400. செலவழித்ததை எல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: கிளட்ச் பிளேட், பேட்டரி, ரேடியேட்டர், டயர்கள், இரண்டு முறை டிங்கரிங். ஏ.சி. கம்ப்ரஸரைச் சென்னைக்குப் போனபோது பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கினேன். மொத்தம் 72,000, அதாவது மாதம் இரண்டாயிரம். இரண்டையும் கூட்டினால் 3,400.

புது வண்டிக்கும் சர்வீஸ் செலவு உண்டு, முழுக் காப்பீடும் எடுக்கவேண்டும். அதையும் சேர்த்தால் வித்தியாசம் மாதம் ஐந்தாயிரத்துக்குக் குறையாது. இந்த ஐந்தாயிரத்தைப் பெட்ரோலில் மீட்கவேண்டும்.

24.8 என்பது சோதனையில் வந்த சான்றிதழ் எண். திருச்சியின் சிக்னல்களுக்கும் மேடுபள்ளங்களுக்கும் நடுவில் நான் 19 என்றே போடுகிறேன். என் வண்டி 13 தருகிறது. லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய் மிச்சம். ஐந்தாயிரத்தை மீட்க மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். நான் ஓட்டுவது 600. எனக்கு மிச்சமாவது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், வட்டிக்கே காணாது.

மைத்துனர் கதை வேறு. அவருக்குத் தஞ்சாவூரில் வேலை. போக 55, வர 55 என்று மாதம் 2,750 கிலோமீட்டர் ஆகிவிடும். அவருக்கு வண்டி ஆறாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்தும். அவர் சொன்னது அவருக்குச் சரி. தவணை முழுவதையும் பெட்ரோல் கட்டிவிடும் என்பது மட்டும் அவருக்கும் நடக்காது.

பழைய வண்டிக்காரர்கள் மறைக்கும் விஷயங்களும் உண்டு. 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ், பசுமை வரி, கட்டணம் என்று அலையவேண்டும். 2022 முதல் 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். என்னுடையதற்கு 2027-இல் அந்த வேளை வருகிறது. அடுத்தது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் சீக்கிரம் உளுத்துப்போகலாம், மைலேஜும் சற்றுக் குறையும். "பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் குழாய் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள் சார், நிம்மதியாக இருக்கலாம்" என்று என் மெக்கானிக் சொல்லி ஆறு மாதமாகிறது. நான் மாற்றவில்லை.

அதன் பலன் விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு மழை இரவில் கிடைத்தது. ரேடியேட்டர் குழாய் கிழிந்து ஆவி பறந்தது. அம்மா பின்னிருக்கையில். மதுரை நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போக, இரண்டு மணி நேரம் நின்றோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. என் வண்டியில் காற்றுப்பையும் இல்லை, சக்கரம் பூட்டிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. அந்த ஸ்விஃப்டில் ஆறு காற்றுப்பைகள். டைரியில் இதற்கு எந்தப் பத்தியில் எத்தனை ரூபாய் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. புது வண்டி வாங்கச் சரியான காரணம் இதுதான். மைலேஜ் என்பது வீட்டில் சொல்வதற்கு வசதியான காரணம், அவ்வளவே.

இப்போதைக்கு என் முடிவு: குழாய்களை மாற்ற இந்தச் சனிக்கிழமை வண்டியை விடுகிறேன். நகருக்குள் அதுவே ஓடும். தவணைக்குப் போயிருக்கும் பணத்தில் மாதம் எட்டாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். 2027-இல் ஆர்.சி. முடியும்போது அந்தப் பணத்தோடு, இரண்டு காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள நான்கைந்து வயது வண்டி ஒன்றைத் தேடுவேன். அதுவரை அம்மாவை ஊருக்கு அழைத்துப்போக வேண்டுமானால் மைத்துனரிடம் சாவி கேட்கிறேன். பெட்ரோல் நான் போட்டுவிடுகிறேன்.