நியூயார்க் பார்க்வே சாலைகள்: காருக்கு ஜோர், லாரிக்கு ஆபத்து

பிள்ளைகளைப் பார்க்க நியூயார்க் போய் அங்கே ஸ்டீயரிங் பிடிக்கப் போகும் காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எக்ஸ்பிரஸ்வேயில் லாரி ஓடும், பார்க்வேயில் கார் மட்டுமே.

ஹட்சின்சன் ரிவர் பார்க்வேயின் கல் வளைவுப் பாலங்கள் பார்க்க நம் பக்கத்துக் கட்டுமானம் போல அழகுதான். ஆனால் பல இடங்களில் உயரம் 10 அடிக்கும் குறைவு. வளைவு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்வதால், வலது லேனில்தான் அதிகம் இடிக்கும். வீடு மாற்ற வாடகைக்கு எடுக்கும் பெட்டி லாரியின் கூரையை உரிப்பது இதுதான். கார் ஜிபிஎஸ் இதைச் சொல்லாது; லாரிக்கான வழிகாட்டி வேண்டும்.

நுழைவுப் பாதைகள் குட்டையானவை. சில இடங்களில் நின்றுதான் ஓடும் வண்டிகளோடு கலக்க வேண்டும், அவசரம் கூடாது. பெருமழையில் பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே பக்கமே போகாதீர்கள், ஆறு சாலைக்கே வந்துவிடும்.

பார்க்வேயில் பெரும்பாலும் கட்டணமில்லை. பெரிய பாலங்களில் உண்டு, ஆனால் லெம்பலக்குடி டோல்கேட் போல் தடுப்புக் கட்டை கிடையாது. ஈசிபாஸ் (நம் ஃபாஸ்டேக் போல) இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, கூடுதல் கட்டணத்தோடு பில் வரும். வாடகைக் காரென்றால் கம்பெனியின் சேவைக் கட்டணமும் சேரும்.

காரில் போக என் மதிப்பெண்: 5-க்கு 4.