குழுவாக வாசிக்க ஒரே ஒரு ஃபேன்டசி: நான்கு நாவல்களில் எது?

தனியாகப் படித்தபோது மனதை அள்ளிக்கொண்டுபோன புத்தகம், பத்துப் பேர் கூடிப் பேசும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்ற ஒரே வரியில் முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரு ஃபேன்டசி நாவல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒரே ஒரு கேள்வியோடுதான் தேடினேன்: எதைப் படித்துவிட்டு வந்தால் நாங்கள் இரு பக்கமாகப் பிரிந்து வாதாடுவோம்?

தொடர் நாவல் வேண்டாம் என்பது குழுவின் நிபந்தனை. சரியான நிபந்தனைதான். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டுப் பேச உட்கார்ந்தால், எல்லாக் கேள்விக்கும் "அடுத்த பாகத்தில் தெரியும்" என்று பதில் வரும். கடைசியில் நான்கு தனி நாவல்கள் மிஞ்சின: சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020), கேத்தரின் ஆடிசனின் 'தி கோப்ளின் எம்பரர்' (2014), கை கேவ்ரியல் கேயின் 'டிகானா' (1990), கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜெயண்ட்' (2015).

'தி கோப்ளின் எம்பரர்' முதலில் கழிந்தது, மனசில்லாமல்தான். பேரரசரும் அவருடைய மூத்த மகன்கள் மூவரும் வான்கப்பல் விபத்தில் இறந்துபோக, யாரும் சீந்தாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கடைசி மகன், பதினெட்டு வயது மாயா, அரியணை ஏறுகிறான். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே நல்லவனாக இருக்க அவன் படும் பாடுதான் கதை. 2015இல் சிறந்த ஃபேன்டசி நாவலுக்காக, 'லோகஸ்' என்ற அமெரிக்க இதழ் வழங்கும் விருதைப் பெற்றது. பெயர்கள் படுத்தி எடுக்கும். ஒரே குடும்பப் பெயர் ஆணுக்கு ஒரு விகுதியிலும் பெண்ணுக்கு வேறொரு விகுதியிலும் முடியும். ஆனால் அந்த அரசவையின் பேச்சு நடை நமக்குச் சுலபமாகப் பிடிபடும். நெருக்கத்தில் ஒருமை, சபையில் 'நாம்' என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் மெனக்கெட்டுக் கட்டியிருப்பதை, 'நீ'யும் 'நீங்க'ளும் பிரித்தே பேசிப் பழகிய நாம் முதல் அத்தியாயத்திலேயே கண்டுகொள்வோம். அந்த உலகத்தில் பிறகு வேறு நாவல்கள் வந்திருந்தாலும் மாயாவின் கதை இதிலேயே முழுமையாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், மாயாவை எல்லோருக்கும் பிடித்துவிடும். அவன் செய்தது சரியா தவறா என்று சண்டை போட ஆள் கிடைக்காது.

'பிரனேசி' விஷயத்தில் நான் நிறைய நாள் தடுமாறினேன். நான்கில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது அதுதான். முடிவே இல்லாத மண்டபங்கள், மண்டபம்தோறும் பளிங்குச் சிலைகள், கீழ்த்தளங்களில் கடல் அலை, மேல்தளங்களில் மேகம். அந்த வீட்டில் வாழும் ஒருவன் எழுதும் நாட்குறிப்புகளாக நாவல் விரிகிறது. உலகில் இதுவரை வாழ்ந்தவர்கள் மொத்தமே பதினைந்து பேர் என்று அவன் நம்புகிறான். அதில் பதின்மூன்று பேர் எலும்புகளாகக் கிடக்கிறார்கள். அந்த எலும்புகளுக்கு அவன் பூவும் உணவும் கொண்டுபோய் வைக்கும் இடங்களைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அளவும் சின்னது, முந்நூறு பக்கத்துக்குள். பெண்கள் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்களுக்குத் தரப்படும் 'புனைவுக்கான பெண்கள் பரிசை' 2021இல் பெற்ற நாவல் என்பதால், "ஃபேன்டசி எல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களையும் இழுத்துவரலாம்.

பிறகு ஏன் தயங்கினேன்? இந்த நாவலின் உயிர் அதன் புதிரில் இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று பிரித்துப் படிக்கும் குழுவில், முந்திப் படித்தவர் வாயைத் திறந்தாலே பின்தங்கியவருக்கு நஷ்டம். எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டு ஒரே கூட்டத்தில் பேசுவதென்றால் மட்டும் இதை எடுக்கலாம். அப்போதும், அவன் அங்கே கைதியா சுதந்திரமானவனா என்ற ஒரு கேள்வியை எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவோம். நல்ல கேள்விதான். ஆனால் அந்த வீட்டின் அழகுக்கு முன்னால் எல்லோருமே அமைதியாகிவிடுவோமோ என்ற பயம் எனக்கு.

மிச்சமிருக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றின் அருமை மற்றொன்றில் தெரிகிறது. இரண்டுமே மறதியைப் பற்றியவை, எதிரெதிர்த் திசையில். 'டிகானா'வில் போரில் மகனை இழந்த ஒரு மந்திரவாதி அரசன், அவனைக் கொன்ற நாட்டின் பெயரையே உலகத்தின் நினைவிலிருந்து அழித்துவிடுகிறான். அந்த மண்ணில் பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. அவர்களும் செத்துப்போனால் பெயரும் போய்விடும். மறதிதான் இங்கே கொடுமை, நினைவுதான் போராட்டம். 'தி பரீட் ஜெயண்ட்'டிலோ, பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஒரு மூடுபனி எல்லோர் நினைவையும் தின்றுகொண்டிருக்கிறது. ஆக்சல், பியாட்ரிஸ் என்ற வயதான தம்பதி, முகம்கூடச் சரியாக நினைவில்லாத மகனைத் தேடிக் கிளம்புகிறார்கள். பனி விலகினால் தங்கள் காதல் திரும்பக் கிடைக்கும் என்று பியாட்ரிஸ் நம்புகிறாள். ஆனால் அந்த மண்ணின் பழைய மக்களான பிரிட்டன்களும் பின்னால் வந்து குடியேறிய சாக்சன்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ஞாபகமும் அதே பனிக்குள்தான் கிடக்கிறது.

வாதத்துக்கு 'டிகானா'வில் பஞ்சமே இல்லை. பெயர் அழிக்கப்பட்ட அந்த நாட்டின் விடுதலைக்காகப் போராடும் இளவரசனே வேறொரு மந்திரவாதியை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தன்னோடு கட்டிப்போடுகிறான். அதை நியாயப்படுத்த முடியுமா என்று ஒரு மாலை முழுக்கப் பேசலாம். நாட்டை அழித்த அரசனையும் வெறும் வில்லனாக விட்டுவிடாமல், மகனை இழந்த தகப்பனாக அருகில் வைத்துக் காட்டுகிறார் கே. ஐந்து பகுதிகள் இருப்பதால் கூட்டங்களைப் பிரிப்பதும் எளிது. தடை என்றால் நீளம்தான்: எழுநூறு பக்கத்தை நெருங்கும். பாதியில் நின்றுவிடுபவர்கள் கூட்டத்துக்கே வராமல் போவார்கள். பாலுறவு தொடர்பான சில பகுதிகள் சங்கடப்படுத்தும் என்பதையும் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

இஷிகுரோவிடம் வேறு மாதிரித் தொல்லை. உரையாடல்கள் மெதுவாக, சம்பிரதாயமாக நகரும். ஆக்சல் மனைவியை ஓயாமல் 'இளவரசி' என்று கூப்பிடுவது சிலருக்கு எரிச்சல் தரும். எனக்கு அப்படி இல்லை. எதை மறந்தாலும் அந்த ஒரு விளியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவராகவே அவர் எனக்குத் தெரிந்தார். இதைப் பற்றியே எங்களுக்குள் இரு கட்சி உண்டாகும் என்று நினைக்கிறேன். இன்னொரு வாதம் வெளியிலேயே காத்திருக்கிறது. புத்தகம் வந்த சமயத்தில், வாசகர்கள் இதை ஃபேன்டசி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பொருள்பட இஷிகுரோ ஒரு பேட்டியில் பேச, ஃபேன்டசியின் பெரும் எழுத்தாளரான உர்சுலா லெ குவின் அதை அந்த வகைமைக்கே செய்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கடுமையாக எழுதினார். பின்னர் அவசரப்பட்டுவிட்டதாக வருந்தவும் செய்தார். ஃபேன்டசி படிக்கத் தயங்கும் உறுப்பினர்கள் உள்ள குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது.

ஆகவே என் ஓட்டு 'தி பரீட் ஜெயண்ட்'டுக்கு. பழைய காயத்தைக் கிளறுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற கேள்விக்கு எல்லோரிடமும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பதில் இருக்கும். ஃபேன்டசியே படித்திராதவரும் பேசுவார். இரண்டு மூன்று மாதம் ஒதுக்க முடிகிற குழு என்றால், இதற்கு அடுத்ததாக 'டிகானா'வை எடுங்கள். முதல் கூட்டத்தில் "மறப்பதே நல்லது" என்று சொன்னவர்கள் அடுத்ததில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. நாவலில் தம்பதிகளைத் தீவுக்கு அழைத்துப்போகும் படகோட்டி ஒருவன் வருகிறான். கணவனையும் மனைவியையும் தனித்தனியே நிறுத்தி, அவர்கள் மிகவும் போற்றும் நினைவு எது என்று கேட்பான். கடைசி அத்தியாயத்தில் கதை சொல்லும் குரலே மாறிவிடுகிறது. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் யாரும் முன்கூட்டிப் படிக்காமல் வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்கட்டும்.