அகல ஸ்கியா, ஒல்லி ஸ்கியா? மும்பைக் கடலில் ஸ்லாலம் பழகுபவர்களுக்கு

ஸ்லாலம் என்றால் படகு கயிற்றால் இழுக்க, ஒற்றை ஸ்கிப் பலகையில் நின்று நீர்மேல் வளைந்து வளைந்து போவது. டொம்பிவிலியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, அமெரிக்காவிலிருந்து அத்தான் வர்றார். ஸ்லாலம் ஸ்கி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லப்போறேன். காசு போனா போகுது, பந்தயக்காரங்க ஓட்டுற கார்பன் மாடலே எடுத்துடவா?"

எடுக்காதீங்க என்றேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒற்றை ஸ்கி வாங்க நினைக்கும் நம்மூர் ஆட்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பந்தய ஸ்கி எதற்காகச் செய்யப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர். நடுக்கோட்டில் படகு நேராகப் போகும். அதிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆறு மிதவைகள். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55. 58-இல் போனால் மொத்தப் பாதையும் 16 விநாடியில் முடிந்துவிடும். உச்ச வேகத்தில் ஆறையும் சுற்றிவிட்டால் அடுத்த சுற்றுக்குக் கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25 மீட்டரிலிருந்து 16, 14.25, 13, 12, பிறகு 11.25. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மிதவை இருக்கும் தூரத்தைவிடக் கயிறு சின்னது. மீதியை உடம்பை நீட்டிச் சாய்த்துத்தான் எட்ட வேண்டும். ஒல்லியான, விறைப்பான கார்பன் ஸ்கி இந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டது.

மும்பையில் நமக்குக் கிடைப்பது வேறு. மாண்ட்வா, அலிபாக் பக்கம் கடல். மழைக்காலத்தின் நாலு மாதமும் பழக முடியாது. மற்ற மாதங்களிலும் கடற்காற்று கிளம்புவதற்கு முந்தைய காலை நேரம்தான் உருப்படி. பெரிய ஓதத்தின்போது இங்கே கடல்மட்டம் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். அடியில் நங்கூரம் போட்டு மிதவையைக் கட்டினால், நீர் வற்றும்போது கயிறு தொய்ந்து மிதவை இஷ்டத்துக்கு அலையும். பாதைக்கும் அதன் இரு முனைகளிலும் படகு வேகம் பிடிப்பதற்கும் சேர்த்து 600 மீட்டருக்கு மேல் தட்டையான நீர் வேண்டும். அதனால் இங்கே பழகுபவர்கள் பெரும்பாலும் மிதவை இல்லாமல், படகின் அலைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித்தான் பழகுகிறோம். வேகமும் 45 கி.மீ.யைச் சுற்றித்தான்.

இந்த வேகத்தில் ஒல்லி ஸ்கி மூழ்கப் பார்க்கும். ஆழத்திலிருந்து எழும்போது படகு ரொம்ப நேரம் இழுக்க வேண்டியிருக்கும், கைதான் முதலில் தோற்கும். எழுந்த பிறகும் திருப்பத்தின் முடிவில் வால் அமுங்கி ஸ்கி நின்றுபோகும். பின்னங்காலில் எடையைப் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. அகல ஸ்கி, அதாவது மிக அகன்ற இடத்தில் 7 அங்குலத்தைத் தாண்டுவது, சீக்கிரம் மேலே வரும், மெதுவான வேகத்திலும் மிதந்து நிற்கும். திருப்பத்தில் அவசரப்படாமல் முன்னங்காலில் நிற்கப் பழகலாம். விலையும் உயர்ரக கார்பனில் பாதிகூட வராது.

அகல ஸ்கிக்கும் குறை உண்டு, மறைப்பானேன். வேகம் 52, 53 என்று ஏறினால் அதை விளிம்பில் சாய்த்து நிறுத்துவது கஷ்டம். சின்னச் சின்ன அலையில் தடதடவென்று அடிக்கும், முழங்கால் சொல்லும். ஒல்லி ஸ்கி அதே அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் அந்த வேகத்தில் தினமும் இழுக்க நம்மிடம் படகு இருக்கிறதா?

நீளத்துக்குக் கம்பெனி அட்டவணையில் எடையையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 75 கிலோ ஆள், 48 கி.மீ. வேகம் என்றால் பெரும்பாலும் 67 அங்குலத்தை ஒட்டி வரும். அத்தானுக்கு ஒரு வார்த்தை: 67 அங்குலம் என்பது 170 செ.மீ. விமானப் பெட்டிக்கு வழக்கமான வரம்பு நீள, அகல, உயரம் எல்லாம் சேர்த்தே 158 செ.மீ.தான். விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே விமானக் கம்பெனியிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்த சண்டை பூட். இரண்டு காலுக்கும் முழு பூட்டா, முன்னங்காலுக்கு மட்டும் பூட் போட்டுப் பின்னால் கால்விரலைச் செருகும் பட்டையா? பந்தயத்தில் இரண்டையும் பார்க்கலாம். இரட்டை பூட்டில் கால்கள் ஸ்கியோடு ஒன்றாகிவிடும். விழும்போது இரண்டும் சேர்ந்து கழன்றாலோ, இரண்டும் சேர்ந்து உள்ளேயே இருந்தாலோதான் நல்லது. பட்டையில் பின்னங்கால் முதலில் உருவிக்கொள்ளும், முன்னங்கால் மாட்டி நிற்கும், கணுக்கால் முறுக்கும் அபாயம் அங்கே இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரட்டை பூட் பக்கம்தான் தராசு சாயும்.

நான் பட்டையைத்தான் சொல்வேன். இங்கே ஒரு படகை நாலு பேர் சேர்ந்து எடுக்கிறோம், ஸ்கி ஒன்றுதான் இருக்கும். ஏழாம் நம்பர் காலும் பத்தாம் நம்பர் காலும் மாறி மாறி ஏற, இழுத்துக் கட்டும் நாடா வைத்த முன் பூட்டும் நகர்த்தக்கூடிய பட்டையும்தான் தோது. எழும்போது பின்னங்காலை வெளியே தொங்கவிட்டு, தண்ணீரில் இழுபடவிட்டு நிலையாகலாம். ஸ்கி தட்டையானதும் காலைப் பட்டைக்குள் செருகினால் போதும். ஆடும் கடலில், ஏணி ஒழுங்காக இல்லாத படகில், இரண்டு காலும் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டு தத்தளிப்பதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். முன் பூட்டை மட்டும் தொளதொளவென்று விடாதீர்கள். குதிகால் மேலே எழும்பினால், நீங்கள் சாய்ந்த பிறகுதான் ஸ்கி சாயும்.

படகில் நமக்குத் தேர்வு குறைவு. நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் போன்ற ஸ்லாலம் படகுகளில் எஞ்சின் உடம்புக்குள் இருக்கும், இழுக்கும் கம்பம் நடுவில் இருக்கும், வேகத்தை ஜிபிஎஸ் பிடித்துக்கொள்ளும். இங்கே கிடைப்பது பின்னால் அவுட்போர்டு, அதாவது வெளியே தொங்கும் எஞ்சின், மாட்டிய படகு. நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்தால் அதன் வால் உங்களோடு வரும், ஓட்டுபவர் கைதான் வேகக் கட்டுப்பாடு. வேகம் குறைந்தால் படகுக்குப் பின்னால் எழும் அலை மேடாகிவிடும் என்பதை அவருக்குப் புரியவைப்பது பாதி பயிற்சிக்குச் சமம்.

ஆனால் கயிறு நம் கையில். படகில் கிடக்கும் நைலான் கயிற்றைக் கட்டவே கட்டாதீர்கள். ரப்பர் மாதிரி நீண்டு, கை விட்டால் திரும்பிப் பாயும். வேக்போர்டு (படகின் அலையில் துள்ளும் அகலப் பலகை) கயிறு நேர் எதிர், துளிகூட நீளாது, ஒவ்வொரு இழுப்பும் தோளில் இறங்கும். ஸ்லாலம் கயிறு இரண்டுக்கும் நடுவில் சிறிதளவு நீண்டு கொடுக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்த கயிறாக வாங்குங்கள், சிவப்பு 18.25 மீட்டர், அதில் ஆரம்பித்தால் போதும்.

கையுறை இறுக்கமாக இருக்கட்டும். பந்தய ஜாக்கெட்டின் மெல்லிய நுரையைவிட, சான்று பெற்ற மிதவை ஜாக்கெட்தான் ஓதம் இழுக்கும் கடலுக்குச் சரி.

ஃபின், அதாவது ஸ்கியின் அடியில் வாலருகே இருக்கும் துடுப்பு, விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தினால் திருப்பம் மாறும் என்பது உண்மைதான், ஆனால் திருப்பம் ஒரே மாதிரி வருகிறவர்களுக்குத்தான் அது தெரியும். கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள். உப்புநீரில் போட்டுவிட்டு அப்படியே பையில் வைத்தால் ஃபின் திருகாணியின் அறுகோணக் குழியில் வெள்ளையாக உப்பு இறுகும், அப்புறம் சாவி உள்ளே போகாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒல்லி ஸ்கிக்கு எப்போது மாறலாம்? கை நேராக, கைப்பிடி இடுப்புப் பக்கத்தில், இடுப்பு முன்னால் வந்த நிலையில், இரண்டு அலையையும் தட்டுத்தடுமாறாமல் தொடர்ந்து ஆறு திருப்பம் போட வேண்டும், அதுவும் 51 கி.மீ.க்கு மேல். அதுவரை ஸ்கியில் மிச்சமாகும் பணத்தைப் பெட்ரோலுக்குப் போடுங்கள். வேலை விஷயமாக ஃப்ளோரிடா பக்கம் போகிறவர்கள் அங்கே ஏரிக்கரை ஸ்கி பள்ளியில் சில சுற்றுகள் போகலாம். மிதவைகளை உள்ளே தள்ளிப் போட்ட குறும்பாதையில் ஆரம்பித்து, அவர்களிடம் இருக்கும் ஒல்லி ஸ்கியையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாங்குங்கள்.