கேப் எபிக்கின் எட்டு நாள்களும் ஒரு மலைச் சைக்கிளின் பதினாறு மாதங்களும்

பதினாறு மாதங்களாக ஓட்டிவரும் என் மலைச் சைக்கிளைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் எழுதாததற்குக் காரணம், வாங்கிய முதல் மாதத்தில் எல்லாச் சைக்கிளும் நன்றாகவே ஓடும் என்பதுதான். இப்போது அது தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் பந்தயத்தையும் முடித்துவிட்டதால், அதன் குறைநிறைகளைச் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

2004-இல் தொடங்கிய இப்பந்தயம், மேற்கு கேப் மாகாணத்தின் மலைகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே எட்டு நாள் நடக்கிறது. முதல் நாள் புரோலாக் எனப்படும் குறுகிய ஓட்டம். பிறகு ஏழு முழுக் கட்டங்கள். பாதை ஆண்டுதோறும் மாறினாலும் மொத்தத் தொலைவு 600 முதல் 700 கிலோமீட்டர் வரையிலும், ஏற்றங்களின் கூட்டுத்தொகை 15,000 மீட்டரை ஒட்டியும் அமைகின்றன. இருவர் கொண்ட அணியாகத்தான் கலந்துகொள்ள முடியும் என்பதோடு, அந்த இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பதும் விதி. ஒருவர் விலகிவிட்டால் மற்றவர் தொடரலாம். ஆனால் அணித் தரவரிசையில் அவருக்கு இடமில்லை. உதிரிபாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என்னை மாற்றியது இந்த விதிதான், ஏனெனில் என் டயர் கிழிந்தால் வெயிலில் என்னுடன் அணித்தோழரும் நிற்க வேண்டும்.

சைக்கிள் கார்பன் சட்டமும் 29 அங்குலச் சக்கரங்களும் கொண்டது. முன்னும் பின்னும் 120 மி.மீ. சஸ்பென்ஷன், பின்னால் 12 கியர். முன்னால் 34 பற்கள் கொண்ட பல்சக்கரத்தோடு வந்ததை நான் 30 பற்களுக்கு மாற்றினேன். இறக்கத்தில் வேகம் குறையும் என்று நண்பர்கள் சொன்னது உண்மைதான். ஆனால், ஆறாம் நாள் காலை, முந்தைய ஐந்து நாள்களின் களைப்போடு செங்குத்தான சரளைப் பாதையில் ஏறும்போது பெடலை மிதிக்க இன்னொரு கியர் மிச்சமிருப்பதன் அருமையை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

டயர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பகுதியின் பாதையோரங்களில் நம் ஊர் நெருஞ்சியே, அதே இனம்தான், தாராளமாகப் படர்ந்து கிடக்கிறது. டியூப் போட்ட டயரோடு அங்கே போவது வீண் வேலை. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் லேடெக்ஸ் சீலன்ட், முள் குத்திய துளையைக் காற்று முழுவதும் வெளியேறுவதற்கு முன்பே அடைத்துவிடுகிறது. ஆனால் அது இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்து ரப்பர்ச் சுருளாகிவிடும் என்பதை நான் பயிற்சிக் காலத்திலேயே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: குலுக்கினால் சத்தம் கேட்கவில்லை, கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. விமானப் பயணத்துக்காகக் காற்றை இறக்கியதில் பின் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விலகிச் சீலன்ட் பெட்டிக்குள் வழிந்தது இன்னொரு பாடம். இறங்கிய அன்றே இரண்டு சக்கரங்களிலும் புதிதாக ஊற்றினேன்.

சீலன்டால் ஆகாதது பக்கச்சுவர்க் கிழிசல். சுமார் 650 கிராம் எடையுள்ள மெல்லிய பந்தய டயர் ஒன்றைப் பின்னால் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு கூர்ங்கல் அதன் பக்கவாட்டில் விரலளவு கீறிவிட்டது. துளையை அடைக்கும் ரப்பர்த் துண்டான பிளக் இரண்டு செருகியும் காற்று நிற்கவில்லை. உள்ளே ஒரு துணித்துண்டை வைத்து அவசர டியூபைப் போட்டு மெதுவாக முடித்தோம். இதில் நாற்பது நிமிடம் போயிற்று. அன்று மாலையே, பக்கச்சுவர் வலுப்படுத்தப்பட்ட, ஏறத்தாழ 150 கிராம் கூடுதல் எடையுள்ள டயரை மாட்டினேன். அதன்பின் எஞ்சிய நாள்களில் பின் சக்கரத்துக்காக ஒருமுறைகூட இறங்கவில்லை. என் 72 கிலோ எடைக்கு முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் பொருத்தமாக இருந்தது.

செயினைப் பொறுத்தவரை, மார்ச் மாதத்தின் உலர்ந்த தூசியில் எண்ணெய் போடுவது அதைத் தேய்ப்பதற்குச் சமம். தூசி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு சாணைப் பசை போலாகிவிடுகிறது. நான் உருக்கிய மெழுகில் முக்கியெடுத்த இரண்டு செயின்களை எடுத்துப்போய், நான்காம் நாள் இரவு மாற்றினேன். பந்தயம் முடிந்து அளந்தபோது இரண்டுமே, செயினை மாற்ற வேண்டிய அளவான 0.5 சதவீத நீட்சியைத் தொடவில்லை.

பின் சஸ்பென்ஷன் மூட்டுகளின் பேரிங்குகள்தான் என்னை ஏமாற்றியவை. ஆறாம் நாளிலிருந்து ஒவ்வொரு மிதிக்கும் கீச்சிட்டன. பழியைச் சைக்கிளின் மேல் போட முடியாது. ஓராண்டாக வீட்டில் அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கழுவி, உள்ளிருந்த கிரீஸை வெளியேற்றியவன் நானே. இப்போது வாளியும் ஸ்பாஞ்சும்தான்.

உடம்பைத் தொடும் பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டு பழகிய சீட் ஒரு தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு தந்தது, பந்தயத்துக்கென்று ஆசைப்பட்டு வாங்கி, துவைக்கக்கூடச் செய்யாமல் நான்காம் நாள் அணிந்த புதிய பிப் ஷார்ட்ஸ், அதாவது தோள்பட்டியோடு கூடிய சைக்கிள் கால்சட்டை. அதன் தையல் உரசி உண்டான புண்ணோடு மீதி நாள்களை நான் எப்படிக் கடந்தேன் என்பதை நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன். கைப்பிடி ரப்பரை மெலிதாக வைத்திருந்ததும் தவறு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், ஊர் திரும்பிய பின்னும் இரண்டு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. உள்ளங்கையின் ஓரமாக ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது இது என்று மருத்துவர் விளக்கினார். தடித்த கைப்பிடி மாட்டியபின் நீண்ட ஓட்டங்களிலும் அந்த மரப்பு திரும்பவில்லை.

இன்றைய நிலவரம் இது: பேரிங்குகள் புதியவை, பிரேக் பேட்கள் மூன்றாம் ஜோடி, சட்டத்தில் கல் பட்ட இரண்டு வடுக்கள். முன் டயர் மட்டும் பந்தயத்தில் ஓடியதேதான். நெருஞ்சி குத்திய இடங்களில் சீலன்ட் உறைந்த வெள்ளைப் புள்ளிகளை எண்ணினேன், பதினேழு இருந்தன.