சிங்க் குழாய்க்கு ஏரேட்டர்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

2019 கோடையை சென்னை மேடவாக்கத்தில் இருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், 50 வேகன்களில், 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. நடுராத்திரி லாரிக்குக் குடத்தோடு நின்றவள் நான். இன்றைக்கும் குழாய் சும்மா ஓடினால் மனசு கேட்பதில்லை.

அதனால்தான் சிங்க் குழாய்க்கு ஏரேட்டர், அதாவது குழாய் மூக்கில் திருகி மாட்டும் சின்னச் சல்லடை, வாங்கினேன். ஹார்டுவேர் கடையில் 'ஃபோம் ஃப்ளோ' என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். என்னுடையது 140 ரூபாய். குழாய் மூக்கில் மரை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கியதில் வாஷரே இல்லை. ஓரமெல்லாம் ஒழுகியது, திருப்பி அனுப்பிவிட்டேன்.

உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. சின்னத் துளைகள் தண்ணீரை மட்டுப்படுத்தும், பக்கவாட்டில் காற்று புகுந்து கலக்கும். தண்ணீர் வெள்ளையாக, பொதபொதவென்று விழும். தட்டில் பட்டுத் தெறிக்காது. முன்பெல்லாம் பாத்திரம் கழுவி முடித்தால் நைட்டியின் வயிற்றுப் பக்கம் நனைந்திருக்கும், இப்போது இல்லை.

பத்து லிட்டர் வாளியை வைத்து அளந்து பார்த்தேன். முன்பு 55 வினாடியில் நிறைந்தது. இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. காலைப் பாத்திரத்துக்குக் குழாய் எட்டு நிமிடம் திறந்திருக்கும், அதாவது 87 லிட்டர். இப்போது அலச இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடித்தாலும் 50 லிட்டரைத் தாண்டுவதில்லை. ஒரு வேளைக்கே இரண்டு குடத்துக்கு மேல் மிச்சம். அந்த இரண்டு குடத்துக்காக எத்தனை மணி நேரம் நின்றிருக்கிறோம்!

குறையும் உண்டு. எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். மூன்றே வாரத்தில் சல்லடையில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் கோணலாகப் பீய்ச்ச ஆரம்பித்தது. கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். நான் மாதம் ஒருமுறை, அமாவாசையைக் கணக்கு வைத்துச் செய்துவிடுகிறேன்.

இன்னொன்று, வாளியும் குடமும் பிடிக்கிற குழாயில் இதை மாட்டாதீர்கள். பத்து லிட்டர் வாளிக்கு எப்படியும் பத்து லிட்டர்தான் வேண்டும், நேரம்தான் போகும். டேங்குக்கு நேர் கீழே மேல்மாடியில் இருப்பவர்களும் யோசித்து வாங்குங்கள். அங்கே பிரஷர் குறைவு. மாடி வீட்டு அக்கா மாட்டிப் பார்த்தார், நூல் மாதிரிதான் வந்தது. அவரிடமிருந்து அதை வாங்கி எங்கள் வாஷ்பேசினில் மாட்டிவிட்டேன். பல் தேய்க்கும்போது குழாயை மூடாத என் பையனுக்காக.