ஃப்ரீரன்: முதல் எபிசோடும் தாத்தாவின் ஒட்டுக்கத்தியும்

மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து கிருஷ்ணகிரி வீட்டுக்கு வந்தால் எனக்கு உடனே தூக்கம் பிடிக்காது. போன வாரம் அப்படி ஒரு விடியற்காலையில்தான், தங்கை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ‘ஃப்ரீரன்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரின் முதல் எபிசோடைப் போட்டேன். வாசல் தெளித்துவிட்டு வந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அரக்கர் தலைவனைக் கொன்றுவிட்டு நான்கு பேர் குதிரை வண்டியில் திரும்புகிறார்கள். வீரன் ஹிம்மல், பாதிரியார் ஹைட்டர், குள்ளர் இனத்து ஐசன், மந்திரக்காரி ஃப்ரீரன். மற்ற கதைகள் சுபம் போடும் இடத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. ஃப்ரீரன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் எல்ஃப் என்ற கற்பனை இனத்தவள்; பத்து ஆண்டுப் பயணம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையை நால்வரும் பார்க்கும்போது, இதைவிட நன்றாகத் தெரியும் இடத்துக்கு அடுத்த முறை கூட்டிப்போகிறேன் என்கிறாள். அடுத்த வாரச் சந்தைக்குக் கூப்பிடுவதுபோல அவ்வளவு சாதாரணமாக!

சொன்னபடி வருகிறாள். ஹிம்மல் தலை வழுக்கையாகி, உடல் குறுகி நிற்கிறார். அவள் முன்பு அவரிடம் கொடுத்துவிட்டுப் போன டிராகன் கொம்பை எடுத்து நீட்டுகிறார். “ஐம்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாரா!” என்றார் அம்மா. அதன்பின் அவர் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை.

ஹிம்மலின் இறுதிச் சடங்கில் ஃப்ரீரனின் முகத்தில் வருத்தமே இல்லை என்று ஊரார் முணுமுணுக்கிறார்கள். சவப்பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகுதான் அவள் உடைகிறாள். மனிதர்களின் ஆயுள் குறைவு என்று தெரிந்தும் இவரை ஏன் அறிந்துகொள்ள முயலவில்லை என்று அழுகிறாள். ஃப்ரீரனுக்குக் குரல் கொடுக்கும் அட்சுமி தானெசாகி அதுவரை ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசிவந்தவர்; அவர் குரல் அந்த ஒரு இடத்தில் நடுங்குகிறது. ஜப்பானிய மொழி தெரியாத எனக்கும் தொண்டை அடைத்தது.

பத்துக் கோடை விடுமுறைகளைச் சந்தூரில் தாத்தாவின் மாங்கன்றுத் தோட்டத்தில் கழித்தவன் நான். ஒட்டுக் கட்டும்போது அவர் குச்சியை ஆப்புபோலச் சீவி, கன்றின் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்; நாடாவை நறுக்கிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கலையை யாரிடம் கற்றார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் போனபின் பரணில் ஒட்டுக்கத்தி கிடைத்தது, வேட்டித் துணியில் சுற்றி, எண்ணெய் தடவி. பிடியில் இரண்டு எழுத்துகள் செதுக்கியிருந்தன. அவருடைய பெயர் அந்த எழுத்துகளில் தொடங்காது.

குறை என்று சொன்னால், ஐசன் இந்த எபிசோடில் வெறுமனே நின்றுவிட்டுப் போகிறார். சண்டையை எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் இசையமைப்பாளர் இவான் காலின் (Evan Call) இசையில் அவசரமே கிடையாது; ஆண்டுகள் ஓடுவதைக் காட்டும் காட்சிகளில் மௌனத்துக்கும் இடம் விடுகிறார். 2023 செப்டம்பர் 29 அன்று ஜப்பானில் முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பினார்கள். நான் அப்படிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். முதல் எபிசோடுக்குப் பிறகு ஒரு நாளாவது விடுங்கள்.

இரண்டாவதை நாங்கள் இன்னும் போடவில்லை. அம்மா கத்தியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சின்னத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்போம்” என்றார்.